தாடைக்கட்டு

ரெஜினா பார்த்துக்கொண்ட நோயாளிகளில், செத்த பிறகும் மகனுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தது அந்தக் கொரியக் கிழவி ஒருத்திதான்.

முட்டுக்காட்டில் காயலைப் பார்த்த வீடு. மகன் ஹான், சென்னையில் அவர்கள் நாட்டுத் துணைத் தூதரக அதிகாரி. அம்மா பக்கவாதத்தில் விழுந்ததும், ஊரில் பார்க்க ஆளில்லை என்று இங்கே கொண்டுவந்துவிட்டார். ரெஜினா செங்கல்பட்டில் பயிற்சி எடுத்துப் பல வருடம் படுக்கை நோயாளிகளைப் பார்த்தவள். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருந்த தன் வீட்டை மகன் பெஞ்சமினிடம் விட்டுவிட்டு முட்டுக்காட்டிலேயே தங்கினாள். அவளுக்கும் கிழவிக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. தேவைப்படவும் இல்லை. வலித்தால் முகம் சொல்லும், நனைந்தால் துணி சொல்லும். கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து, முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. முதுகில் ஒரு புண் வரவிடவில்லை.

ஹான் கெட்ட மனிதர் இல்லை. தினமும் காலையில் கதவருகே நின்று குனிந்து வணங்கிவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். நாற்றத்துக்குக் கூசுகிறார் என்று ரெஜினா நினைத்தாள்; ஆனால் அறையில் நாற்றம் இருக்க அவள் விட்டதே இல்லை. பயம் என்று பிறகு புரிந்தது. பயப்படுகிற பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

கிழவிக்கு மூச்சு மாறிய அன்று அவர் மாமல்லபுரத்தில் இருந்தார். அவர்கள் ஊர்க் கட்சித் தலைவர் ஒருவர் வந்திருந்தார். கூடவே போய் ஐந்து ரதத்தையும் காட்ட வேண்டும். அரை மணி தூரம். ரெஜினா போன் செய்தாள். "கமிங், கமிங்" என்றார். மறுபடி அடித்தபோது டிரைவர் சடையப்பன் எடுத்தான்.

"சாப்டுகினு கீறாங்க அக்கா. எதிர்ல பெரிய மனுசன். நான் எப்டி உள்ள பூந்து இட்டாறது?"

கிழவி வாசலைப் பார்த்தபடியே போனாள். ரெஜினா கண்களை மூடினாள், உடம்பைத் துடைத்தாள், வாய் பிளந்து நிற்காமலிருக்கத் தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டினாள். ஹான் வந்தபோது உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. அழுதார். அது பொய்யில்லை. அழுது முடித்ததும் கட்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தாள், விறைத்த வாய் திறக்கவில்லை. தூங்குவது போலிருந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். சடையப்பன் படம் எடுத்தான். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப என்றார்.

பெற்றவர் உயிர் போகும்போது பக்கத்தில் இருப்பது கொரியாவில் பிள்ளைக்குப் பெரிய கடமையாம். கொரியக் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் ரெஜினாவின் மருமகள் ஜெனிஃபர் இதைச் சொன்னாள். அந்த மொழி படித்தவள்.

அதன்பின் ஹான் ஊருக்கு மாற்றலாகிப் போனார். வேலையை விட்டார். அதே தலைவரின் கட்சியில் சேர்ந்து தேர்தலில் நின்றார். அவருடைய பிரசார வீடியோவுக்காக முட்டுக்காட்டுக்குக் கேமரா வந்தது. சேதி, கொரியத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெஞ்சமின் வழியாக வந்தது.

"யம்மா, மேனேஜரே கூப்ட்டு சொன்னாரு. ஹான் சாரும் அவரும் காலேஜ் தோஸ்துங்களாம். ஹான் சார்தான் ஊட்டுனாரு, கடைசி வரைக்கும் கைய வுடலன்னு நீ நாலு வார்த்த சொன்னா, என்னிய பர்மனென்ட் பண்ணிடுவாராம்."

"அந்தாளு கரண்டிய தொட்டதே இல்லடா."

"செத்துப்போன கிழவி எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவுதா? எத்தினி வருசமா காண்ட்ராக்ட்ல லோல்படறேன். நான் வேல கத்துக்குடுத்தவன்லாம் பர்மனென்ட் ஆயிட்டான், தெரியுமா?"

அது உண்மைதான். பொய் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துதான் ரெஜினா போனாள். கேமராக்காரர்களோடு கிச்சா இருந்தான். மாமல்லபுரத்தில் கொரியப் பயணிகளுக்கு வழிகாட்டி, இன்று மொழிபெயர்ப்பாளன்.

"சிரிச்சுண்டே சொல்லுங்கோ ரெஜினாம்மா. அவாளுக்கு அது போதும்."

பேசுவதற்கு முன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தார்கள். கிழவியின் கன்னத்தில் துணி அழுத்திய தடம் அப்படியே இருந்தது. ரெஜினா கட்டிய கட்டு. படத்தைக் கீழே வைத்தாள். போன் செய்தது, சாப்பாடு, வாசலைப் பார்த்த கண், அவிழ்க்கச் சொன்ன கட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். கிச்சா வெளிறிப்போனான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி இரண்டே வரி சொன்னான். கேமராக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெஜினாவைக் குனிந்து வணங்கினாள்.

"இன்னாப்பா சொன்ன அந்தப் பொண்ணாண்ட?"

"நல்லதாத்தான் சொன்னேன். ஆத்துக்குப் போங்கோ. யாருக்கும் நஷ்டமில்லே."

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். "பெத்த புள்ள வயித்துல அடிச்சிட்ட" என்றான் பெஞ்சமின். அதற்குமேல் அவளோடு பேசவில்லை.

ஹான் ஜெயித்தார். அந்த மாதமே பெஞ்சமினுக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஜாங்கிரி டப்பாவோடு ஓடிவந்தான். ஜெனிஃபர் போனில் வீடியோவைத் தேடி எடுத்தாள். ரெஜினாவின் குரல் தெளிவாகவே கேட்டது: "அவரு வர்லீங்க. அந்தம்மா வாசலயே பாத்துகினு போச்சு." கீழே ஓடிய கொரிய எழுத்தை ஜெனிஃபர் தமிழில் படித்தாள்: "அவர் தம் கையால் ஊட்டினார். அம்மாவின் கடைசி மூச்சு அவர் கையில்தான் பிரிந்தது."

பெஞ்சமின் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ இன்னா சொன்னா இன்னாம்மா? அங்க இருக்கறவன் கீழ கீறததான் படிப்பான்."

"மறுபடி போடு" என்றாள் ரெஜினா. அந்தப் படம் வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கண்ணருகே கொண்டுபோனாள். கிழவியின் கன்னம் வழவழப்பாக இருந்தது. தடத்தை அழித்திருந்தார்கள்.

"அத இன்னும் இன்னாத்துக்குப் பாத்துகினு கீற? வாயத் தொற" என்றான் பெஞ்சமின், ஜாங்கிரியைப் பிட்டு நீட்டி.

ரெஜினா திறந்தாள். மென்றாள். இறங்கத்தான் இல்லை.