ஒற்றை லாடத்தின் இருபத்தாறாவது வாரம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரை ஷெரீப் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரை மேற்பார்வையாளரே மறந்துவிட்டார். ஷெரீப்பின் சட்டைப் பையின் மேல் ஒரு தகர நட்சத்திரம் குத்தியிருக்கும். ஈர விரிப்பை ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழும் பெரிய இஸ்திரி உருளையில்தான் அவருக்கு வேலை. உருளையின் சூட்டில் அந்தத் தகரம் நெஞ்சைச் சுடும். ஆனாலும் கழற்ற மாட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்னால், அதே ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் அவருடைய மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாளே ஷெரீப் வேலைக்கு வந்துவிட்டார். நாலாவது மாடி மூட்டையும் வழக்கம்போல வந்தது. உருளைக்கு மறுபக்கம் நின்று மடிக்கிற அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஷெரீப், நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. இந்த மூட்டையை நான் பாத்துக்கறேன்."

"துணிதானேக்கா" என்றார் அவர். ஒவ்வொன்றாக உதறிச் செருகினார். எது மாப்பிள்ளையின் விரிப்பு என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் அது அவருக்கே உறைத்தது. உறைத்தும் ஒன்றும் ஆகவில்லை. முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டார். அழவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்ப்போமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

மாப்பிள்ளைக்குச் சாவி வெட்டும் தொழில். சந்தைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கடை. எந்தச் சாவியைக் கொடுத்தாலும் தேய்மானம் உட்பட அப்படியே இன்னொன்று வெட்டித் தருவார். அவருக்கும் ஷெரீப்புக்கும் பித்து இரண்டே இரண்டு. ஒன்று பச்சைச் சட்டை கால்பந்து அணி. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் வந்த 'ஒற்றை லாடம்' என்ற குதிரைக்காரத் தொடர். ஊரில் அதைப் பார்த்தவர்களே கொஞ்சம் பேர். பார்த்தவர்களுக்கோ அது தலைக்கு ஏறிவிட்டது. ஒரு கொலைகாரன் ஓடுகிறான். அவன் குதிரைக்கு ஒரு காலில் மட்டும்தான் லாடம். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் தகர நட்சத்திரம் குத்திய ஷெரீப் ஒருவர், அதாவது அந்த ஊர்க் காவல் அதிகாரி, வாரக்கணக்காக மணலில் போகிறார். இவ்வளவுதான் கதை. கொலைகாரன் ஊர் டாக்டர் என்பது மாப்பிள்ளையின் கட்சி. அந்த டிவி ஷெரீப்பின் மாமனாரே என்பது நம்மவர் கட்சி. சாப்பாட்டுத் தட்டு காயக் காய இருவரும் மல்லுக்கு நிற்பார்கள்.

"ஒரு பந்து, ஒரு குதிரை. ரெண்டும் ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் உக்காந்த இடத்தை விட்டு அசையறீங்களா?" என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள்.

இருபத்தாறாவது வாரம், கடைசி பாகம். அன்றைக்கென்று பார்த்து பச்சைச் சட்டைக்காரர்களுக்குக் கோப்பை இறுதியாட்டம், அதே சேனலில். பந்து முடியட்டும், குதிரை வரும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் சமன் ஆனது, கூடுதல் நேரம் போனது, கடைசி நிமிஷத்தில் பச்சைச் சட்டை தோற்றது. நேரமாகிவிட்டது என்று சேனல் நேராகச் செய்திக்குப் போய்விட்டது. கடைசி பாகம் அதற்கப்புறம் வரவே இல்லை. அணியும் போச்சு, குதிரையும் போச்சு. அந்த வாரம்தான் நம்மவர் தகர நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டார். பதினோரு வருஷம் ஆகிறது.

மறு வருஷம் மாப்பிள்ளை எங்கெங்கோ கடிதம் எழுதி அந்தப் பாகத்தை ஒரு டிஸ்க்கில் வரவழைத்துவிட்டார். ஷெரீப் பிளேயரைத் துடைத்துத் தயாராக வைத்தார். மாப்பிள்ளை டிஸ்க்கைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

"மச்சான், நம்ம பசங்க தோத்ததாலதானே இது போச்சு? அவங்க கோப்பை ஜெயிக்கிற அன்னைக்குத்தான் இதைப் பாக்கணும்."

"அவங்க எப்போ மாப்பிள ஜெயிப்பாங்க?"

"அதுக்குத்தான் ரெண்டு பேரும் போய்க் கத்துவோம்."

டிஸ்க்கைப் பச்சைத் துண்டில் சுற்றி, ஆஸ்பத்திரி வெள்ளைத் துணி பிளாஸ்திரியால் ஒட்டினார்கள். ஷெரீப் சலவைக்கூடத்து மை பேனாவைக் கொண்டுவந்தார். விரிப்புகளில் வார்டு எண் எழுதுகிற மை அது. கொதிநீரில் வேகவைத்தாலும் போகாது. ஒட்டின இடத்தின் மேல் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து மைதானத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நாற்காலிக்கு வருஷச் சீட்டு. மேலே கூரை கிடையாது.

இந்த வருஷம் பச்சைச் சட்டை மறுபடி இறுதிக்கு வந்தது. அதுவும் சொந்த மைதானத்தில். ஷெரீப்புக்கு ஒரே ஒரு எண்ணம்தான். ஜெயித்தால் டிஸ்க்கைப் பிரிக்கலாம். மாப்பிள்ளையோடு சேர்ந்து தொடங்கியது அது ஒன்றுதான் இன்னும் முடியாமல் மிச்சமிருந்தது. அது முடிந்தாலாவது மரத்துப்போன இந்த உடம்பில் எங்கேயாவது வலிக்கும் என்று நினைத்தார். வலித்தால் போதும் என்றிருந்தது.

ஆட்டத்தன்று மத்தியானத்திலிருந்தே மழை. பக்கத்து நாற்காலியில் தன் குடையை வைத்திருந்தார்.

"அண்ணே, இது காலியா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆள் இருக்கு."

எண்பத்தோராவது நிமிஷத்தில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. மைதானமே எழுந்து குதித்தது. முன்பின் தெரியாத ஒருவர் ஷெரீப்பைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். ஷெரீப்பும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார், குழந்தையை ஏப்பம் விட வைக்கிற மாதிரி. கோப்பையைத் தூக்கியபோது கை தட்டினார். தட்டுகிற கை யாருடையதோ போலிருந்தது.

நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனார். சொட்டச் சொட்ட வாசலில் நின்றவரைப் பார்த்தவுடனே அவள் டிவியை அணைத்தாள். ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள். அலமாரியிலிருந்து பச்சைத் துண்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

பிளாஸ்திரியின் நுனியைத் தேடி ஷெரீப் கட்டை விரலால் நிமிண்டினார். கை ஈரம். விரலில் நீலமாக ஏதோ ஒட்டியது. குனிந்து பார்த்தார். அவருடைய கையெழுத்தில் பாதி அவர் விரலில் இருந்தது. பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் கையெழுத்தைத் தேய்த்தார். அதுவும் கலைந்தது.

பத்து வருஷமாக அந்த மையோடு புழங்குகிறவர் அவர். அது கலையாது. யாரோ பழைய ஒட்டலைக் கிழித்துப் புதிதாக ஒட்டி, சாதாரணப் பேனாவில் இரண்டு கையெழுத்தையும் போட்டிருக்கிறார்கள். அவர் கையெழுத்தின் கடைசி வளைவு, பேனா தடுக்கின இடம், எல்லாம் அச்சு அசல். அப்படி நகல் எடுக்கிற கை அவருக்குத் தெரிந்து ஒன்றுதான்.

"பாத்துட்டாரா?"

தங்கச்சி தலையசைத்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவான்னு என் உயிரை எடுத்தாரு. சின்ன பிளேயர்ல போட்டுக் காட்டினேன். நீங்க கீழ வேலைல இருந்தீங்க."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"ஜெயிக்காம நீங்க பாக்க மாட்டீங்கன்னாரு. முடிஞ்சதும் சிரிச்சாரு, பாருங்க... இருமல் வந்து நர்ஸ் ஓடிவர்ற அளவுக்கு. அப்புறம் ஒட்டித் தரச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். 'மச்சானுக்கு இது தெரிஞ்சா அடுத்த வருஷம் சீட்டு எடுக்க மாட்டான்டி'ன்னாரு."

"எது தெரிஞ்சா? யாரு கொலைகாரன்?"

"நான் சொல்ல மாட்டேன்பா. உங்க சட்டம்தானே, முடிவைச் சொல்லக் கூடாதுன்னு."

டிஸ்க்கைப் போட்டார்கள். மணல், காற்று, அந்தத் தடம். திரையில் அந்த ஷெரீப் குதிரையை விட்டு இறங்கி ஒரு மர வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே காலடிச் சத்தம். கதவு ஒரு சாண் திறக்கிறது. வெளிச்சம் அவர் பூட்ஸில் விழுகிறது. திரை கறுத்தது. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

நம்மவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். நீலத் திரை வந்தது.

"அவ்ளோதானா?"

"அவரும் அச்சு அசலா இதையேதான் கேட்டாரு." தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஷெரீப் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. வலிக்கும் என்று நினைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டை விரலில் ஒட்டிய நீலத்தைக் கழுவவும் மனம் வரவில்லை. அதில் பாதி மாப்பிள்ளை போட்ட ஷெரீப்பின் கையெழுத்து, மீதி மாப்பிள்ளையுடையது.

டிஸ்க்கை எடுத்துத் துண்டில் சுற்றினார். "பிளாஸ்திரி இருக்கா?"

"இன்னும் எதுக்கு? அதான் பாத்தாச்சே."

"யாரு கதவைத் திறந்தாங்கன்னு தெரியலையே. டாக்டராவும் இருக்கலாம்." பதினோரு வருஷத்தில் அவர் முதன்முறையாக மாப்பிள்ளையின் கட்சிக்கு ஒரு அடி விட்டுக்கொடுத்தார். "அடுத்த கோப்பைக்கு இன்னொரு தடவை பாப்போம்."

அவள் பிளாஸ்திரி கொண்டுவந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சலவைக்கூடத்துப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கினாள்.

"அண்ணே, அந்தப் பக்கத்து நாற்காலி மழையில நனையுமா?"

"நனையும்" என்றார் ஷெரீப்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.