கோபுரத்தின் கீழுதடு

கிம்லாய்க்குக் கல் என்றால் பைத்தியம். எல்லைப்பக்கத்துக் காட்டுக் கோயிலில் சரிந்து கிடக்கும் கற்களைத் தடவிப் பார்த்து, எது எதோடு சேரும் என்று சொல்வதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அங்கோர் ராஜா கட்டிய கோயில். பாதியைக் காடு தள்ளியது, மீதியைப் போர் தள்ளியது. எந்தக் கல் எங்கே என்று எழுதி வைத்திருந்த தாள்களும் போரோடு போச்சு.

கிழக்குக் கோபுரத்தில் செதுக்கியிருந்த பெரிய கல்முகத்தை ஒருவழியாகச் சேர்த்துவிட்டார்கள். கீழுதடு மட்டும்தான் இல்லை. மழை தொடங்குவதற்குள் கிடைக்காவிட்டால் சிமெண்டில் ஒன்று செய்து ஒட்டிவிடப் போவதாக மேஸ்திரி துயோன் சொல்லிவிட்டார். சிமெண்டாம், உதடாம்! கிம்லாய் விடவில்லை. பௌர்ணமி தவறாமல், புளியமரத்தடிக் குடிசையில் இருக்கும் ஊர்க்காவல் சாமி நியாக் தாவுக்கு வாழைப்பழமும் சிகரெட்டும் வைத்து, உதட்டைக் காட்டு காட்டு என்று சாமியின் உயிரை எடுத்தாள்.

சித்திரையில் புத்தாண்டு வந்தது. சாமியைக் குளிப்பாட்டும் முறை இந்த வருஷம் இவளுடையது. சிவப்புத் துணியை அவிழ்த்து, வாசனைத் தண்ணீர் ஊற்றி, படிந்து கிடந்த மெழுகை அழுத்தித் தேய்த்தவளின் கை சட்டென்று நின்றது. ஒரு வளைவு, உதட்டின் வளைவு. சாமிக் கல்லைச் செங்குத்தாக நட்டிருந்ததால் கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பாவி, யாரிடம் போய் எதைக் கேட்டிருக்கிறாய்! சிரிப்பு பீறிட்டு, குடத்தோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமிக் கல்தான் அந்த உதடு என்று கிம்லாய் சொன்னதும் ஊர் கூடியது. சாமியை இடம் மாற்றுவதாவது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மற்ற நாளில் நூடுல்ஸ் விற்கும் யெம்மின் மேல்தான் அந்தச் சாமி இறங்கும். அவள் அரிசிச் சாராயம் ஒரு மிடறு விழுங்கி, குலுங்கி ஆடி, சாமியாகவே பேசினாள்.

"எனக்கும் அந்த உசரத்துல காத்து வாங்க ஆசைதான். ஆனா பொருந்தலைன்னு வை, இந்தப் பொம்பளை புருஷன் பிள்ளையோட ஊரைவிட்டுப் போயிரணும்."

"சரி சாமி" என்றாள் கிம்லாய். சிரிப்பு நின்றபாடில்லை.

மறுநாள் காலையில் கல் சங்கிலியில் ஏறியது. கீழே ஊரே அண்ணாந்து நின்றது. மேலே கிம்லாய் சாரத்தில் குப்புறப் படுத்து, கல்லைத் திருப்பி, துளி இறக்கி, இன்னும் துளி இறக்கி... கல் போய் உட்கார்ந்தது. மயிரிழை இடைவெளி இல்லை. முகம் முழுசாகச் சிரித்தது.

கீழே யெம்தான் முதலில் வாயைத் திறந்தாள், இந்தத் தடவை சாமியாக இல்லை.

"அட, இத்தனை வருஷமா நாம அழுது அழுது கேட்டப்பல்லாம் இந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டேதான் இருந்திருக்காரு."