அம்மா சொன்ன ஃபவுல்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அம்மா என் மாமாவைத் தோற்கடித்தாள். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றும் நினைத்தால் காது சூடாகிறது.

மாமா அம்மாவின் தம்பி. விருத்தாசலம் கடைவீதியில், டைல்ஸ் கடை மாடியில் ஸ்னூக்கர் கிளப் வைத்திருந்தார். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய் ஆடுகிறவர். நம்ம ஊரிலேயே ஒரு போட்டி நடத்த வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. மங்கலம்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் செலவை ஏற்றுக்கொள்ள, தொழில்முறை ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரை அழைத்தார்கள். மாமாவும் அவர்களில் ஒருவர். அப்பா வேலை பார்த்த பீங்கான் சூளையில் பரிசுக் கோப்பையைச் சுட்டுக் கொடுத்தார்கள். அதற்கு எங்கள் டிவி பக்கத்தில் நான் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

மாமா ஆட வேண்டிய இறுதி ஆட்டத்தன்று, சென்னையிலிருந்து வந்த நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மாமா வற்புறுத்தியதால் ஸ்னூக்கர் நடுவர் பயிற்சியும் முடித்திருந்தாள். ஆனால் ஆடுகிறவருக்கு அக்கா ஆயிற்றே என்று எல்லோரும் தயங்கினார்கள். எதிராக ஆட வேண்டிய கோயம்புத்தூர்க்காரர்தான் சொன்னார்: "அக்காவே நிக்கட்டுங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க."

ஏமாளி என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஃப்ரேம். மேசையில் அடித்துப் போட வேண்டியவை பிங்க் பந்தும் கறுப்புப் பந்தும்தான். பிங்க் விழுந்தால் கோப்பை மாமாவுக்கு. அவர் கறுப்புக்கு மேலாக எட்டிச் சாய்ந்து அடித்தார். பிங்க் பைக்குள் விழுந்தது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

"ஃபவுல்" என்றாள் அம்மா. கைதட்டல் நின்றது. "கறுப்புல சட்டை பட்டுது."

மாமா நிமிர்ந்தார். "நல்லாப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

மாமா போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா வெள்ளைக் கையுறை போட்ட கையால் பிங்க்கை எடுத்துப் அதற்குரிய இடத்தில் வைத்தாள். கறுப்பின் மதிப்பான ஏழு புள்ளிகள் எதிராளிக்கு. அவர் பிங்க்கைப் போட்டதோடு ஆட்டம் முடிந்தது.

யாருமே பார்க்காத ஃபவுல்! பாயின் மகன் செல்போனில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாமாவின் முதுகுதான் தெரிந்தது.

வீட்டில் அப்பாவே பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஊரே கை தட்டுது. ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?" அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ மாமாவுக்கு அக்காவே இல்ல" என்று கத்திவிட்டு, சாப்பிடப் போவதில்லை என்று அறிவித்தேன்.

அதைவிடப் பெரிய அநியாயம் பொழுது சாய நடந்தது. மாமா அந்தக் கோயம்புத்தூர்க்காரரையே சாப்பிடக் கூட்டி வந்தார்! ஜெயித்தவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் வாசலுக்குப் போய் அவருடைய பளபள ஷூவில் ஒன்றைச் சாக்கடையில் போட்டேன். அவர் மாமாவின் ரப்பர் செருப்போடு லாட்ஜுக்குப் போனார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் ஆத்திரமாக இருந்தது.

அவர் போன பிறகு அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"நெசமாவே பட்டுதாடா? அப்ப பட்ட மாதிரிதான் தெரிஞ்சுது. இப்ப யோசிச்சா ஒண்ணும் புரியல."

"பட்டுதுக்கா" என்றார் மாமா. "எனக்கே தெரிஞ்சுது. நீ சாப்புடு."

அம்மா சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பட்டது தெரிந்தும், அத்தனை பேர் முன்னால் ஒன்றும் அறியாதவர் போல "நல்லாப் பாத்தியா" என்று கேட்டிருக்கிறார்! மாமாவும் பொய்யர்தான் என்று முடிவு செய்து, இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்தினேன்.

சட்டைக் கை பந்தில் உரசுவது, குனிந்து அடிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. நானே கியூ கோலைப் பிடித்துக் குனிந்த பிறகுதான் அதை அறிந்தேன்.