போர்மேன் பெத்தணன் கேட்ட தீர்ப்பு

எங்க ஊருப் பொம்பளைக புருசன் பேரை வாயால சொல்ல மாட்டாக. எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் போயிருச்சு. பெத்தணன். ஏழாயிரம்பண்ணைக்குத் தெக்க ஒரு பட்டாசுக் கம்பெனியில போர்மேனா இருந்தாரு. சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கப் போயி, அப்புறம் இருபது வருசம் பட்டாசு மருந்துலயே கெடந்து, போர்மேன் ஆனதும் வெள்ளைச் சட்டைக்கு மாறுனாரு. அந்தச் சட்டைக் காலருல ஒட்டுன அலுமினியப் பொடியத் தேச்சுத் தேச்சு என் கைரேகையே அழிஞ்சு போச்சு.

கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். குடி கெடையாது. வேலைக்கு வாற பொம்பளைகள வாடி போடின்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல, தாயின்னுதான் சொல்லுவாரு. ஆனா சரியான பயந்தாங்கொள்ளி. மேனேஜர் வண்டிச் சத்தம் கேட்டாலே இவருக்கு வேர்த்துரும். அது எனக்குக் கல்யாணமான வாரத்துலயே தெரியும்.

ரெண்டாயிரத்து ஆறு ஆடி மாசம் நடந்ததை ஒளிக்காமச் சொல்லிப்புடுறேன். மருந்து அடைக்கிற ரூமுக்குக் கெழக்க ஒரு வாசல், மேக்க ஒரு வாசல். ஆளு உள்ள இருந்தா ரெண்டு கதவும் தெறந்தே கெடக்கணும், அது சட்டம். ஆனா ஆடிக்காத்து மேக்க இருந்து அடிச்சா மருந்து பறந்து கண்ணுல விழும். அதனால ஆடியில காத்து கூடுற நேரம் மேக்காலக் கதவைச் சாத்திக்கிடுறது அங்கன வழக்கம். அரசாங்க ஆபீசர் வாராகன்னு தகவல் வந்தா மட்டும் சாத்த மாட்டாக.

அன்னைக்கு மத்தியானம் அந்த ரூமுல இருந்த மூணு பேரும் சாப்பிட எந்திரிச்சுட்டாக. முருகம்மாள் மட்டும், கையில இருக்க பூச்சட்டிப் புஸ்வாணத்தை முடிச்சுட்டு வாரேன்னு உக்காந்திருந்தா. “அண்ணே, மருந்து பறக்குது, கதவைச் சாத்துங்க”ன்னு அவதான் சொல்லியிருக்கா. இவரு சாத்துனாரு. சாத்துன கதவு படபடன்னு அடிக்கவும், வெளிய கெடந்த கல்லை உருட்டி அண்டக் குடுத்துட்டுப் போயிட்டாரு. கல்லு வச்சது அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்துல கெழக்கு வாசல்ல தீ. இவரு ஓடிப்போயிக் கல்லைப் புரட்டிக் கதவைத் தெறக்கையில, அவ நெலைப்படிகிட்டயே கரிஞ்சு கெடந்தா.

கல்லைத் தூக்கி வேலிக்கருவைக்குள்ள எறிஞ்சுட்டாரு. விசாரணைக்கு வந்தவுககிட்ட, “கதவு தெறந்துதான்யா இருந்துச்சு. அந்தப் பொம்பளைதான் திகைச்சுப் போயி நின்னுருச்சு”ன்னு சொன்னாரு. அப்படியே எழுதிக்கிட்டுப் போனாக. ஊரும் அதையே பிடிச்சுக்கிட்டுது. தெறந்த வாசல்ல ஓடத் தெரியாதவள்லாம் மருந்து வேலைக்கு எதுக்கு வாரான்னு குழாயடியில ஒருத்தி கேட்டா. நான் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் பேசாம வந்தேன். எனக்குத் தெரியும். அன்னைக்குச் சாயங்காலமே என்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டாரு. “வெளிய மூச்சு விட்டீக, நம்ம பிள்ளை படிப்பு அம்புட்டுத்தான்”னு சொன்னது நான்தான்.

முருகம்மாளுக்கு ஒரே மக, மாரிசெல்வி. எங்க மக எழிலும் அவளும் பதினொண்ணாப்புல ஒரே பெஞ்சு. அவ அப்பன் எப்பவோ போயிச் சேந்துட்டான். முருகம்மாள் எங்க வீட்டுக்காரரை அண்ணேன்னு கூப்பிட்டதால, அந்தப் பிள்ளைக்கு இவரு மாமா, நான் அத்தை. அவளுக்குப் பெரியம்மா வீட்டுல படுக்கை, எங்க வீட்டுல ராச்சாப்பாடு. அவ தட்டுல நான் குழம்பு ஊத்துறப்பல்லாம் இவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். “அவ முகத்தைப் பாக்க முடியலன்னா ஆபீசருகிட்டப் போயிச் சொல்லுங்க. இல்லன்னா உக்காந்து தின்னுங்க”ன்னு ஏசுவேன். ஏசுறேனே, பொய்யில பாதி என்னுது.

தை மாசம் தமிழ்ப் பாடத்துல ஒரு பழைய நாடகம் வந்துச்சு. ஒரு ராசா, தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணி வேணும்னு மழையிலயும் மதகைத் தெறக்க விடாம வைக்கிறான். கரை ஒடைஞ்சு ஊரே போகுது. மதகுக் காவக்காரனும் வெள்ளத்துல செத்துட்டான். அவன் தூங்கிட்டான்னு ராசா பழியை அவன் தலையில போட்டுடுறான். கடைசியில மனசு தாங்காம ராசாவே தண்ணிக்குள்ள எறங்கிச் சாகிறான். படிச்சாலே நெஞ்சடைக்கிற நாடகம்.

லட்சுமிகாந்தம் டீச்சர், விருதுநகர்ல இருந்து பஸ்ஸுல வாறவுக, பிள்ளைகள அதைச் சும்மா ஒப்பிக்க விடல. பள்ளிக்கூட மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு ஆறு, கரை, ஊருன்னு வரைஞ்சு, வெள்ளம் வந்தா எங்கன ஓடுவேன்னு ஒவ்வொருத்தரையா ஓட விட்டிருக்காக. நாடகத்துல செத்தவுகளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எழுதச் சொல்லியிருக்காக. மாரிசெல்வி காவக்காரனுக்கு எழுதுனாளாம். “இவர் தூங்கவில்லை” அப்படின்னு ஒரே ஒரு வரி. எழில்தான் வந்து சொன்னா.

கடைசியா ராசாவைக் கூண்டுல ஏத்தி வழக்கு. பெத்தவுகதான் நடுவரு, கையைத் தூக்கித் தீர்ப்பு சொல்லணும். எங்க எழில் ராசா. கேள்வி கேக்குற வக்கீல் மாரிசெல்வி.

அதுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை மத்தியானம் எழில் அப்பாகிட்ட உக்காந்தா. “அப்பா, மதகை ஏன் தெறக்கலன்னு மாரி கேப்பா. நான் என்ன சொல்ல?” சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, யோசிக்காமச் சொன்னாரு அந்த மனுசன்: “மதகு தெறந்துதான் இருந்துச்சுன்னு சொல்லு. காவக்காரன்தான் திகைச்சு நின்னுட்டான்னு சொல்லு. செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னா சொல்லப் போறான்?”

“சூப்பர்ப்பா!”ன்னு பிள்ளை நோட்டுல எழுதிக்கிடுச்சு. அடப்பாவி மனுசான்னு நான் அவரைப் பாத்தேன். அவருக்கும் அப்பத்தான் உறைச்சிருக்கும்போல, பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டாரு.

மறுநாள் வரமாட்டேன்னவரை நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். எதுக்கு இழுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே புரியல. வகுப்புல எங்களைப்போல எட்டுப் பத்துப் பேரு இருந்தாக. மாரிசெல்வி நல்லாத்தான் கேட்டா. ஆனா எழில் கொஞ்சமும் அசரல. அப்பன் சொல்லிக் குடுத்ததையே சொன்னா: “மதகு தெறந்துதான் இருந்தது. காவலன் திகைச்சு நின்னுட்டான். இல்லைன்னு சொல்ல யார் இருக்கா?” மாரிசெல்விக்கு அடுத்த கேள்வி வரல. பேப்பரை மாத்தி மாத்திப் பாத்தா. டீச்சர் தீர்ப்பு கேட்டாக. குத்தமில்லைன்னு கைக வரிசையா ஒசந்துச்சு. பிள்ளைக கைதட்டுச்சுக. எம்மக சிரிச்சா.

இவரு கையைத் தூக்கல. எந்திரிச்சாரு.

“தீர்ப்பு தப்பு டீச்சர்”ன்னாரு.

“சொல்லுங்கய்யா, ராசா மேல என்ன குத்தம்?”னு டீச்சர் சிரிச்ச முகமாக் கேட்டாக.

“ராசா இல்ல. மேக்காலக் கதவுக்குக் கல்லு வச்சது நானு. முருகம்மா திகைச்செல்லாம் நிக்கல.”

டீச்சர் முகம் வெளுத்துப் போச்சு. எழில் கூண்டுன்னு போட்டிருந்த நாற்காலியில அப்படியே உக்காந்துட்டா. மாரிசெல்வி பேப்பரைக் கீழ வச்சா. வக்கீலா நின்னப்ப வராத கேள்வி இப்ப வந்துச்சு.

“அம்மா கதவைத் தட்டுனாளா மாமா?”

“தட்டுனா தாயி. பெத்தண்ணே, பெத்தண்ணேன்னு கூப்பிட்டா. கேட்டுச்சு. காலு வரல எனக்கு. அப்புறந்தான் ஓடுனேன்.”

இது எனக்கே தெரியாது. என்கிட்டக்கூட இதைச் சொல்லல. மாரிசெல்வி மெதுவா என் பக்கம் திரும்புனா.

“அத்தை, உங்களுக்குத் தெரியுமா?”

தட்டுனது தெரியாதுன்னு சொல்ல நாக்கு நுனிக்கு வந்துச்சு. சத்தியமா அது தெரியாது. ஆனா அந்தப் பிள்ளை கேட்டது அது இல்லையே.

“தெரியும்”னேன்.

“எப்பத்துலேருந்து?”

“அன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து.”

அவ அழல. வகுப்பை விட்டு எறங்கி மைதானத்துல நடந்து போனா. எழில் நாற்காலியத் தள்ளிட்டு அவ பின்னாடியே ஓடுனா. “ஏ எழிலு!”ன்னு நான் கத்துனேன். எம்மக திரும்பிப் பாக்கல.