அம்மா வந்தால்தான் அனுப்புவோம்

சிவகாசிக்குப் பக்கத்தில் நான் தற்காலிக டீச்சராக இருந்த சர்ச் ஆரம்பப் பள்ளியில் ஒரு விதி உண்டு. எங்காவது பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் வாசற்கதவைச் சாத்திவிட வேண்டும். பெற்றவர்கள் நேரில் வந்து நின்றால்தான் பிள்ளையை அனுப்பலாம். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் யார் வந்தாலும் கிடையாது. முன்பு ஒருமுறை பிள்ளைகள் சத்தம் வந்த திசைக்கே ஓடிவிட்டார்களாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டிய கட்டடம். ஐந்து வகுப்பும் ஒரே ஹாலில்தான். எனக்கு அந்தக் கட்டடத்தின்மேல் பைத்தியம். சேர்ந்த வாரமே கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து முடித்துவிட்டேன். தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். "எம்மா, பிள்ளைகளையும் கொஞ்சம் பாருங்க" என்பார்.

அன்று சத்தம் கேட்டபோது கணக்குப் பாடம். ஓடு அதிர்ந்து தூசி கொட்டியது. பெரிய டீச்சர் கதவைச் சாத்தப் போனார். நான் மணிக்கூண்டுப் படியில் ஏறினேன். யாரும் ஏறச் சொல்லவில்லை. முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற துடிப்பு, அவ்வளவுதான். புகை தெரிந்ததும் மேலிருந்தே கத்தினேன்: "நாரணாபுரம் பக்கம்!"

இறங்கி வந்தபோது அத்தனை தலைகளும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பக்கம் திரும்பியிருந்தன. எங்கள் பள்ளித் தாய்மார்களில் நாரணாபுரத்துக்கு வேலைக்குப் போனது அவள் அம்மா மட்டும்தான்.

மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. உடனே விளையாட்டு ஆரம்பம். ஐந்தாம் வகுப்பில் வாய்த்துடுக்கான ஒருத்தி இருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவள்தான் தொடங்கினாள்.

"ஏ புள்ள, கலெக்டர் உங்க வீட்டுக்கு வருவாரு. நீ டிவில தெரிவே."

"தலையச் சீவிக்கிடச் சொல்லு, பேன் தெரியப்போவுது" என்றான் ஒருவன்.

"அப்புறம் ஹாஸ்டல்ல போட்டுருவாக. தெனம் முட்டை" என்றாள் அவள் மறுபடி.

சின்னவள் அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தம்பியையும் சேத்துக்கிடுவாகளாக்கா?" என்று கேட்டாள்.

"பாலு குடிக்கிற பயலையா? அவன எவளாச்சும் தூக்கிட்டுப் போயிருவா."

ஒரே சிரிப்பு. நான் ஓர் அதட்டல் போட்டிருக்கலாம். செய்தி வந்துவிட்டதா என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மாக்கள் வரத் தொடங்கினார்கள், கையெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்துடன். கதவு திறக்கும்போதெல்லாம் சின்னவள் எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். அந்த ஐந்தாம் வகுப்புப் பெரியவள் ஒவ்வொரு தடவையும், "இதுவும் உங்கம்மா இல்ல" என்றாள்.

மூன்றரை மணிக்கு அவள் அம்மா வந்தாள். முழுசாக.

"நாரணாபுரத்துல ஒண்ணும் இல்ல டீச்சர். அதுக்கும் அங்கிட்டு உள்ள கம்பெனி. எந்தக் கூறுகெட்ட ஆளு நாரணாபுரம்னு சொன்னது? வர்ற வழியெல்லாம் என்னையப் பேயப் பாத்த மாதிரி பாக்குறாக."

நான் அவளுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

மணிக்கூண்டிலிருந்து பார்த்தால் நாரணாபுரமும் அந்தக் கம்பெனியும் ஒரே வரிசையில்தான் தெரியும். பெரியவளின் அம்மா வேலை பார்த்தது அந்தக் கம்பெனியில். சின்னவள் போன பிறகு ஹாலில் மிச்சம் இருந்தது பெரியவள் ஒருத்திதான். மற்றவர்களின் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில், தன் அம்மா இன்னும் வரவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

ஆறு மணிக்கு அவள் தாய்மாமா வந்தார். வாசலிலேயே நின்று பெரிய டீச்சரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "வா ஆத்தா, போவோம்" என்றார்.

அவள் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாமாகூட அனுப்பக் கூடாதுல்ல டீச்சர்? எங்கம்மா வந்தாத்தான விடுவீக?"

பெரிய டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பெஞ்சிலிருந்து பிரித்து எடுத்தது நான்தான்.