லேபிள் கேட்டுப் போன புவனேஸ்வரி

செம்பட்டியில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள் புவனேஸ்வரி. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து தக்காளிக்கும் கத்தரிக்கும் மருந்து வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலாளியைக் கேட்க மாட்டார்கள், அவளைத்தான் கேட்பார்கள். அவள் பாட்டிலைத் திருப்பி, அதில் அச்சடித்திருக்கும் முக்கோணத்தைக் காட்டுவாள். "செவப்புண்ணே, கடும் விசம். கையில உறை மாட்டாம மூடியத் தொறக்காதீங்க." எழுத்துத் தெரியாதவருக்கும் அது போதும்.

கடையில் அம்புட்டு விவரமாக இருந்தவளுக்கு வீட்டில் நடப்பது பிடிபட வெகுநாள் ஆயிற்று. கணவன் பாண்டியராஜ் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரி டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஒரே மகள் கௌசல்யா. கொரோனாவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது அவள் நாலாம் வகுப்பு. பாடம் போனில்தான் என்றார்கள், வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. போன் அவள் கையிலேயே தங்கிவிட்டது.

அவள் விளையாடியது துப்பாக்கி விளையாட்டு. நாலு பேர் ஓர் அணி. எதிர்ப்பட்டவர்களையெல்லாம் சுட்டுக்கொண்டே போக வேண்டும், கடைசிவரை உயிரோடு நிற்கும் அணிக்கு வெற்றி. கௌசல்யா அதில் கெட்டிக்காரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத பையன்களுக்கு "நீ லெஃப்ட்ல வா, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் உத்தரவு போடுவதைக் கேட்டு பாண்டியராஜ் பெருமையாகச் சிரித்த நாட்களும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. குளிக்கச் சொன்னால் எரிந்து விழுந்தாள். தீபாவளி விடுமுறை முடிந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. கெஞ்சிப் பார்த்தாள் புவனேஸ்வரி, அடித்தும் பார்த்தாள். போனை ஒளித்து வைத்தபோது மகள் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். பயந்துபோய்த் திரும்பக் கொடுத்தாள்.

தை மாதத்தில் ஒரு காலை, வகுப்பு ஆசிரியை போன் செய்து பேரை நீக்கப்போவதாகச் சொன்னார். புவனேஸ்வரி நேரே போய் மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். கௌசல்யா எழுந்து இரண்டு கையாலும் அவளைத் தள்ளினாள். கிரைண்டரில் மோதி விழுந்ததில் இடது மணிக்கட்டு உடைந்தது. அந்த வலி அவளுக்குப் பெரிதாக நினைவில் இல்லை. நினைவில் நின்றது வேறு. போன் தூரத்தில் போய் விழுந்திருந்தது. மகள் கீழே கிடந்த அம்மாவைத் தாண்டிப் போய் அதை எடுத்தாள். எடுத்து, ஹெட்போனை மாட்டி, விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கினாள்.

கையில் மாவுக்கட்டோடுதான் அவள் சூசைராஜைத் தேடிப் போனாள். திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற வாத்தியார் அவர், பெற்றோர் சங்கம் ஒன்றை நடத்தி வந்தார். சிகரெட் அட்டையில் இருப்பதுபோல, வன்முறை விளையாட்டைத் திறந்ததுமே திரை நிறைய எச்சரிக்கை வர வேண்டும், அதை அரசாங்கமே கட்டாயமாக்க வேண்டும் என்று சங்கம் மனு எழுதிக்கொண்டிருந்தது. முதல் கையெழுத்தை அவள் போட்டாள். கடைக்கு வந்தவர்களிடமும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமும் மனுவை நீட்டினாள். சிலர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டார்கள்.

மனுவின்பேரில் மாசியில் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூட அரங்கு ஒன்றில் மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். புவனேஸ்வரி மேடை ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதன்பிறகு ரோஹித் என்ற இளைஞன் மைக் வாங்கினான். இதே ஊரில் வளர்ந்து, கோயம்புத்தூரில் விளையாட்டு உருவாக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

"அக்கா, உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனா லேபிளே இல்லன்னு சொல்றீங்க. இருக்குக்கா. பாருங்க." தன் போனில் அந்த விளையாட்டின் பக்கத்தைத் திறந்து அதிகாரியிடம் காட்டினான். மூலையில், பதினாறு வயதுக்கு மேல் என்று ஆங்கிலத்தில் இருந்தது. "பாப்பாவோட அக்கவுண்ட்ல பிறந்த வருசம் என்ன போட்டுருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

கூட்டத்தில் காட்டவென்று, மகள் தூங்கும்போது எடுத்து வந்த போன் அவள் பையில்தான் இருந்தது. ஒற்றைக் கையால் எடுத்தாள். எங்கே பார்ப்பதென்று அவன்தான் காட்டிக் கொடுத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. புவனேஸ்வரி பிறந்த வருடம்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. குழந்தையின் பிறந்த வருடத்தைப் போட்டபோது விளையாட்டு திறக்கவில்லை. கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஒன்னோடதப் போடும்மா" என்றாள் ஒன்பது வயது கௌசல்யா. போட்டாள். அடுத்தடுத்து வந்த கட்டங்களிலெல்லாம் சம்மதம் என்று அமுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் சூசைராஜ்கூட நினைத்தார்.

"நாந்தான் போட்டேன்" என்றாள். "தம்பி பொய் சொல்லல. எழுதியிருந்துச்சுதான். இங்கிலீசுல, கடுகு கணக்கா. நான் விக்கிற மருந்துல செவப்பு முக்கோணம் இருக்கு சார். கண்ணு மங்குன பெரியாளுக்கும் தெரியும். அது மாதிரி இருந்துருந்தா, பஸ்ஸு போனாப் போகுதுன்னு செத்த நேரம் நின்னு பாத்துருப்பேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "செவப்பு முக்கோணம் போட்டதத்தானம்மா குடிச்சுட்டுச் சாகுறாங்ய?"

ஆத்தூர் விவசாயி அய்யனாரின் முகம் அவள் கண்முன் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கையால் பாட்டில் வாங்கிப் போய், அன்று மத்தியானமே குடித்தவர்.

"குடிச்சாரு, நான் வித்தது" என்றாள். "ஆனா ஆஸ்பத்திரியில மொதல்ல அந்தப் பாட்டிலத்தான் கேட்டாங்க. விசம் என்ன, மாத்து மருந்து என்னன்னு ரெண்டும் அதுல போட்டுருக்கும். அதப் பாத்துத்தான் ஊசி போட்டுப் பொழைக்க வச்சாங்க. எம்மகளுக்கு மாத்து என்னன்னு எதுல சார் போட்டுருக்கு? யாருகிட்ட நான் கேப்பேன்?"

அதிகாரி தலை குனிந்து எழுதிக்கொண்டார். கருத்து பதிவு செய்யப்பட்டது என்றார். வெளியே வேப்பமரத்தடியில் ரோஹித் அவளிடம் வந்து, மனசு நோகப் பேச வேண்டும் என்று பேசவில்லை என்றான். "நீங்க சொன்னது நெசந்தான தம்பி" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அந்த வயச நாந்தான்டி போட்டேன். எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டு வந்துட்டேன்."

கௌசல்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "ஒன் கைய ஒடிச்சது கேம் இல்லம்மா. நாந்தான்."

அதைக் கேட்டு நிம்மதி அடைவதா பயப்படுவதா என்று புவனேஸ்வரிக்குத் தெரியவில்லை. பிறகு மகளைக் கூட்டிப் போய்க் காட்டிய மனநல மருத்துவர் நர்கீஸும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். விளையாட்டு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, வீட்டில் யாருமில்லாத பிள்ளைக்கு அங்கே நாலு பேர் இருந்தார்கள், அதையும் பாருங்கள் என்றார். செவ்வாய்தோறும் கூட்டிவரச் சொன்னார். பாண்டியராஜ் கேரள ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளூர் வண்டிக்கு மாறினான். வீட்டில் இருந்தாலும் மகளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.

சித்திரையில் மனுவுக்குப் பதில் வந்தது. பொருள் மாவட்ட நிர்வாக வரம்புக்குள் வராததால் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. சூசைராஜ் அந்தத் துறைக்கு அடுத்த மனுவை எழுதினார். எச்சரிக்கை தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், உதவி கேட்கும் எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும் என்று புவனேஸ்வரி சேர்க்கச் சொன்னாள்.

அதே வாரத்துச் செவ்வாய்க்கிழமை, மருத்துவமனைக்குப் போகிற வழியில், கௌசல்யா ஏதோ ஒரு நிறுத்தத்தில் சட்டென்று இறங்கிவிட்டாள். புவனேஸ்வரியும் பின்னாலேயே இறங்கினாள். நிழற்குடையில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல. போயி என்ன ஆகப்போவுது?"

கையைப் பிடித்து இழுக்கப் புவனேஸ்வரிக்குத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு பஸ் நின்று போயின. மூன்றாவது வந்தபோது கௌசல்யா எழுந்து, "எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

அன்றைக்குப் போனார்கள். அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய் வந்தாள்.