வலது முட்டியைப் பார்க்காமல் நின்ற நேரம்

உன் பள்ளி ஓட்டப்பந்தயத்துக்கு வந்துவிட்டு, நான் ஏன் மதிலுக்கு வெளியே போய் நின்றேன் என்று கேட்டாய். "அப்பாவுக்குப் பயம்" என்று உன் தம்பி சிரித்தான். பயம்தான். ஆனால் வெளியே போய் நிற்க எங்கே கற்றுக்கொண்டேன் என்பதை இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன்.

தென்காசியில் எங்கள் தெருவின் கபடி அணிக்கு நான்தான் மானேஜர். ஆட்டம் நன்றாகத் தெரியும் என்பதால் இல்லை. என்னிடம் லோடு ஆட்டோ இருந்தது, அணி முழுக்க அதில்தான் ஏறிப் போகும். தண்ணீர்க் கேனும் வலித்தைலமும் என் பொறுப்பு. கவலையும் என் பொறுப்பு.

‘கபடி கபடி’ என்று பாடிப் போவதில் எங்களிடம் ஒரு பெரிய ஆள் இருந்தான். எதிர்ப் பக்கம் சிரித்துக்கொண்டே போய், தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவான். போன வருடம் அச்சன்புதூரில் நான்கு பேர் அவன்மேல் விழுந்தார்கள். வலது முட்டி திரும்பிவிட்டது. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. இன்றைக்கும் யாராவது விறகை ஒடித்தால் என் கை சில்லிட்டுப் போகும்.

மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து எழுந்தான். இந்தச் சாரல் காலத்தில், "சுந்தரபாண்டியபுரம் மேட்சுக்கு நானும் வாறேன்" என்று வந்து நின்றான். அடுத்த மாதம் அவனுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு.

"இப்ப எதுக்குலே ஆட்டம்?" என்றேன்.

"களத்துல நம்ப முடியாத கால வச்சிக்கிட்டு அங்க எப்படி அண்ணாச்சி ஓட?"

அவன் அம்மா ஆட்டோ வரைக்கும் வந்தாள். "கால் போச்சுன்னா அவன் வேலையும் போச்சு. உங்கள நம்பித்தான் விடுதேன்" என்றாள். வழி முழுக்க அதுவே காதில் ஓடியது.

முட்டிக்கு மாட்டும் எலாஸ்டிக் உறை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பையன்கள் அதைக் கேப் என்பார்கள். வலது காலில் நானே மாட்டிவிட்டேன். களத்தில் ஈரம், மரத்தூள் தூவியிருந்தார்கள். அவன் முதல் தடவை பாடிப் போனதும் எதிரணியில் ஒருவன் கத்தினான்: "ஏலே, மாப்பிள்ளைக்குக் கட்டு போட்டிருக்குலே. அந்தக் காலையே பிடிங்க."

காயம் எங்கே என்று நானே அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவன் ஒவ்வொரு தடவை கோட்டைத் தாண்டும்போதும், "பாத்துலே, பாத்து" என்று என் வாய் தானாகக் கத்தியது. இரண்டு முறை யாரையும் தொடாமலே திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

இடைவேளையில் கேப்பைக் கழற்றி, நல்ல இடது காலில் மாட்டினான். எனக்கு நிம்மதியானது. "சரியான வேல பாத்தலே, எந்தக் காலுன்னு அவனுவளுக்குக் குழம்பிரும்" என்றேன்.

"இது மட்டும் போதாது அண்ணாச்சி. நீங்க ஆட்டோ பக்கம் போய் நில்லுங்க."

"ஏம்லே?"

"கேப்ப எங்க மாட்டினாலும் நீங்க வலது காலையேதான் பாக்கிய. அவனுவ உங்க கண்ணப் பாத்துதான் பிடிக்க வாரானுவ. நீங்க பாத்துன்னு சொல்லச் சொல்ல எனக்கும் அதே நெனப்புதான் வருது."

தண்ணீர்க் கேனை அவன் கையில் கொடுத்தேன்.

ஆட்டோவுக்குப் பின்னால் போய், களத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே சூரியகாந்தி வயல். யாரோ ஒரு குடும்பம் பூவுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் சிரி" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஊரே கத்துகிறது. யார் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு விசில். திடீரென்று எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில் விறகு ஒடிகிற சத்தம் வருமோ என்று பல்லைக் கடித்தேன். அவன் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று வார்த்தைகளைக்கூடச் சேர்த்துப் பார்த்துவிட்டேன். திரும்பிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

மறுபடி கூச்சல். நீண்ட விசில். ஆட்டம் முடிந்தது.

சேற்றில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு காலும் ஒரே அழுத்தமாகப் பதிந்தன. ஒரு காலை இழுக்கிற சத்தம் இல்லை.

"ஒரு பாயிண்ட்ல போச்சு அண்ணாச்சி" என்றான். "கடைசிப் பாட்டுல ரெண்டு பேரத் தொட்டேன். மூணாவது ஆளுக்குக் கை எட்டல."

தோற்றது என் மண்டையில் ஏறவே இல்லை. திரும்பியதும் என் கண் நேராகக் கீழே போனது.

"இன்னும் அங்கனதான் பாக்கிய" என்றான். "மூஞ்சியப் பாருங்க அண்ணாச்சி."

பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் மகளே, மதிலுக்கு வெளியே நின்றேன். போன மாதம் சைக்கிளில் விழுந்து நீ சிராய்த்துக்கொண்ட முழங்கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.